மருத்துவராக வந்திருக்க வேண்டியவள்

சோலோதுர்ன் நகரில் நடந்த உங்கள் சந்திப்பில் என்னை அறிமுகப்படுத்திய தம்பி, நல்ல மனதோடுதான், ஒரு வசனம் சொன்னார். “மருத்துவராக வந்திருக்க வேண்டியவர், காலம் அவரைத் தாதியாக்கிவிட்டது.” மண்டபத்தில் இரக்கமாக ஒரு ‘உச்’ சத்தம் கேட்டது. நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நன்றி சொன்னேன். ஆயத்தப்படுத்தி வந்ததைப் பேசிவிட்டு இறங்கினேன். ரயிலில் எம்மன்புரூக்கே நகருக்கு வந்து சேரும்வரை எனக்குக் கோபம் அடங்கவில்லை. வீட்டில் தேத்தண்ணி போட்டுக் குடித்த பிறகும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலர் தாதியர் படிப்பை முடித்து இப்போதுதான் மயக்கமருந்துப் பிரிவுக்கு வந்திருக்கிறீர்கள். மருத்துவப் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்த ஒரு பிள்ளையும் உங்களுக்குள் இருக்கிறாள். கூட்டம் முடிந்து மேலங்கியை எடுக்கும் இடத்தில் என்னிடம் வந்து, அம்மா இன்னும் தன்னோடு கதைப்பதில்லை என்று சொன்னாள். எல்லாம் சரிவரும் என்று நான் தோளில் தட்டி அனுப்பினேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எல்லாம் சரிவருவதில்லை. சில விஷயங்கள் சரிவராமலே இருக்கும்; அதற்குள்ளே நின்று வேலை செய்யப் பழக வேண்டும். இந்த எழுத்து முதலில் அவளுக்கு.

மருந்தளவுகளைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் நான் எழுதப்போவதில்லை. அதை என்னைவிட நன்றாகச் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் அந்த வசனத்தைத் திருத்துகிறேன். யாழ்ப்பாணத்தில் நான் மருத்துவம் படித்தது உண்மை. சண்டையால் படிப்பு நடுவில் நின்றதும் உண்மை. அகதியாக இங்கே வந்து, கூர் நகரில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரித்ததும் உண்மை. இதுவரைக்கும் காலத்தின் மேல் பழி போடலாம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். நான் இந்த நாட்டில் மறுபடியும் மருத்துவம் படிக்கச் சேர்ந்தேன். அனுமதிக்காக அலைந்தேன், ஜெர்மன் படித்தேன், என்னைவிட மிகவும் இளைய பிள்ளைகளோடு முதலாம் ஆண்டிலிருந்து திரும்பவும் எலும்புகளின் பெயரைப் பாடமாக்கினேன். சோதனைகளில் சித்தியடைந்தேன். சித்தியடைந்த பிறகுதான் விட்டேன். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் நம்புவதில்லை. ‘பெயில் விட்டிருப்பா, சொல்ல வெட்கம்’ என்று முகத்திலே எழுதியிருக்கும்.

ஏன் விட்டேன் என்றால், இங்கே மருத்துவ மாணவர்கள் தொடக்கத்தில் சில வாரம் தாதியரோடு வார்டில் வேலை செய்ய வேண்டும். மாணவர்கள் அதை மலச்சட்டி தூக்குகிற பயிற்சி என்று கேலி பண்ணுவார்கள். என்னைக் கூரில் ஒரு வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். இடுப்பு முறிந்த ஒரு கிழவரைச் சத்திரசிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போன அன்று, விரும்பினால் உள்ளே நின்று பார் என்றார்கள்.

பார்த்தேன். மயக்கமருந்து வைத்தியர் வந்து தொடக்கி வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார், தன் வேலையைச் செய்தார், போனார். இருவருமே கெட்டிக்காரர்கள், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கிழவரின் தலைமாட்டில் ஒரு பெண் இருந்தார், மயக்கமருந்துத் தாதி. மலைக்கிராமத்துப் பெண், அகலமான கைகள், காது கொஞ்சம் மந்தம். கிழவர் கண் மூடுவதற்கு முன்பும் அவர் அங்கே இருந்தார், கண் திறந்த பிறகும் இருந்தார். நடுவில் ஒருதரம்கூட அந்த முகத்தை விட்டு விலகவில்லை. கிழவர் விழித்தவுடன் செத்துப்போன மனைவியைக் கூப்பிட்டார். அந்தப் பெண் குனிந்து, தான் யார், இது எந்த இடம் என்று அவருடைய மலைப்பேச்சிலேயே மெதுவாகச் சொன்னார்.

அன்றைக்கே ஞானம் பிறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வாசிகசாலையில் இருந்து நோய்களின் பெயர்களைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தலைமாடுதான் நினைவுக்கு வந்தது. ஒரு மனிதன் தன் மூச்சை இன்னொருவரின் கையில் கொடுத்துவிட்டு இல்லாமல் போகிறான். அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை எழும்பாமல் இருப்பது ஒரு வேலை. எனக்கு அந்த வேலையில் ஆசை வந்தது. அவ்வளவுதான். தியாகம் இல்லை, விதி இல்லை. ஆசை.

அந்தப் பெண்ணிடமே போய்ச் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டினார். விட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க உனக்கு மேலே ஒரு வைத்தியர் இருப்பார், கொஞ்சக் காலம் போனால் உன் மகன் வயதில் இருப்பார், அதைத் தாங்குவாயா என்று கேட்டார். தெரியாது என்றேன். “தெரியும்வரை போய்ப் படி” என்றார். ஒரு பனிக்காலம் முழுவதும் யோசித்தேன். பிறகு விட்டேன். பல்கலைக்கழகத்தில் கையெழுத்து வாங்கிய அலுவலர், குடும்பக் கஷ்டமா என்று இரண்டு தடவை கேட்டார். வேறொரு காரணம் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

தாதியர் பாடசாலை, பிறகு வார்டு, பிறகு மயக்கமருந்துப் பயிற்சி என்று வருடங்கள் போயின. பயிற்சிக்கு அந்தப் பெண்ணிடமே போய்ச் சேர்ந்தேன். அவருடைய பெயரை எழுதமாட்டேன். தன் பெயர் எங்கேயும் வருவது அவருக்குப் பிடிக்காது, கேட்டு அனுமதி வாங்க அவர் இப்போது உயிரோடும் இல்லை. அவர் எனக்குச் சொல்லித்தந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் அப்போதெல்லாம் வாய் திறந்தால் முதலில் ‘எக்ஸ்கியூசி’ என்பேன். இந்த நாட்டில் மன்னிக்கவும் என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். எக்ஸ்கியூசி, இரத்த அழுத்தம் குறைகிறது. எக்ஸ்கியூசி, இந்தக் குழாய் மடிந்திருக்கிறது. ஒருநாள் இடைவேளையில் அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார், “நீ யாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய்? நோயாளி மூச்சு விடாமல் கிடக்கும்போது நீ மரியாதையை முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாயா?”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அகதி விடுதியில் இருந்தவளுக்கு, வேலை அனுமதிக்காகக் கந்தோர் கந்தோராக நின்றவளுக்கு, அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது என்று உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். அவர் கோப்பையைத் திரும்ப எடுத்தார். “இந்தக் குரல் நல்ல குரல். இதை உள்ளே கொண்டு வா” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

என் தகப்பன், ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் படிப்பை விட்டதைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை எடுத்தபோதும் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் ஊரில் எல்லோருக்கும், மகள் சுவிஸில் டொக்டர் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊருக்குப் போன ஒரு சிநேகிதி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் மோசம்போனபோது இணையத்தில் மரண அறிவித்தல் போட்டார்கள். அதில் அவருடைய படத்துக்குக் கீழே, பிள்ளைகளின் வரிசையில், என் பெயருக்கு முன்னால் டொக்டர்களுக்குப் போடுகிற ‘வைத்திய கலாநிதி’ என்று இருந்தது.

கனடாவில் இருக்கும் என் தம்பிதான் அந்த அறிவித்தலைக் கொடுத்தவன். உடனே தொலைபேசி எடுத்து, அந்தச் சொல்லை அழிக்கச் சொன்னேன்.

“ஐயா அப்பிடித்தானே அக்கா எல்லாருக்கும் சொல்லி வைச்சவர்” என்றான் அவன். “செத்த மனுசனைப் பொய்யனாக்கச் சொல்லுறியோ?”

தொலைபேசியை வைத்துவிட்டேன். அறிவித்தல் அப்படியே இருந்தது. ஐயா செத்த கவலையையே நான் முழுதாகப் பட முடியவில்லை. நடுவில் அந்த இரண்டு சொல் வந்து நின்றது. நான் ஆசைப்பட்டுச் செய்த வேலை, என் சொந்தத் தகப்பனுக்கு மறைக்க வேண்டிய ஒன்றாக இருந்திருக்கிறது. இன்று நினைத்தாலும் எரிகிறது.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அப்போது நான் வேறொரு வைத்தியசாலையில், அந்தப் பிரிவின் மூத்த தாதிகளில் ஒருத்தியாக இருந்தேன். எந்த வைத்தியசாலை என்று சொல்லப்போவதில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஆள் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதிருக்கும், வன்னிப் பக்கம், உணவகச் சமையலறையில் வேலை. எண்ணெய்க் கலன் தூக்கும்போது குடலிறக்கம் வெளியே தள்ளி இறுகிவிட்டது. இறுகிய குடல் செத்துப்போவதற்குள் திறக்க வேண்டும். மயக்கமருந்து வைத்தியர் இளையவர், திறமையானவர், அந்த வருடம்தான் பொறுப்பு நிலைக்கு உயர்ந்திருந்தார். அவர் அவசரத்தில் கேட்ட எல்லாக் கேள்விக்கும் நோயாளி சிரித்துக்கொண்டு ஜெர்மனில் ‘யா, யா’, ஓம் ஓம், என்றாராம். நான் அந்த நேரம் அறையை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தேன். மேசையில் ஏற்றிய பிறகுதான் அவரை முதலில் கண்டேன். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. நல்ல அமைதியான மனிதர்.

வயிறு நிறைந்திருக்கும் நோயாளி. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் இப்படிப்பட்டவரைச் சட்டென்று மயக்கித் தொண்டைக்குள் குழாயைப் போட வேண்டும். அதற்கு முன் முகமூடியை முகத்தில் இறுக்கமாக அழுத்தி நுரையீரலை ஒட்சிசனால் நிரப்ப வேண்டும். இதை விட்டுவிட்டுப் போக வழியில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

வைத்தியர் முகமூடியை வைத்தார். அந்த அமைதியான மனிதர் காணாமல் போனார். தலையை அங்குமிங்கும் அடித்தார், கையை வீசினார், கால் உதறியதில் மேசையோரத்தில் இருந்த தட்டு பறந்தது. நோயாளிகளை மேசையில் கிடத்துகிற உதவியாளர் இருவரும் பாய்ந்து கைகளைப் பிடித்தார்கள். கைகழுவிவிட்டு வாசலில் நின்ற சத்திரசிகிச்சை நிபுணர், என்ன நடக்கிறது அங்கே, குடல் காத்திருக்காது என்றார். வைத்தியர், இறுக்கிப் பிடியுங்கள், ஒரு நிமிஷம் பிடித்தால் போதும் என்றார். முகமூடிக்குள்ளிருந்து நோயாளி கத்திக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு அது புரியாத மொழியில் ஒரு கூச்சல். எனக்குப் புரிந்தது. அவர் தமிழில் கத்தவில்லை. சிங்களத்தில் கெஞ்சினார். “எபா சேர், எபா சேர்.” வேண்டாம் சேர், வேண்டாம்.

சுவிட்சர்லாந்தில், ஒரு தமிழர், சிங்களத்தில் கெஞ்சுகிறார் என்றால் அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊரில் இராணுவத்தினர் எங்கள் ஆட்களைப் பிடித்துத் தடுப்பு முகாமுக்குக் கொண்டு போய்த் தலையில் பொலித்தீன் பையைப் போட்டுக் கழுத்தில் இறுக்கினார்கள் என்பது நாங்கள் எல்லோரும் கேள்விப்பட்டதுதான்.

நான் வைத்தியரின் கையிலிருந்து முகமூடியை இழுத்து எடுத்தேன். “நிறுத்துங்கள். எல்லோரும் கையை எடுங்கள்” என்றேன். எக்ஸ்கியூசி சொல்லவில்லை.

உதவியாளர்கள் கையை எடுத்துவிட்டார்கள். வைத்தியர் சிவந்துபோனார். முகமூடியைத் தரச் சொன்னார். மாட்டேன் என்றேன். இங்கே யார் முடிவெடுப்பது என்று வாசலிலிருந்து சத்தம் வந்தது.

“நீங்கள்தான் முடிவெடுப்பவர்” என்று நான் இளைய வைத்தியரிடம் சொன்னேன். “ஆனால் அவர் எங்களோடு சண்டை பிடிக்கவில்லை. தன்னை யாரோ கொல்கிறார்கள் என்று நினைக்கிறார். அவரைப் பிடித்து அமுக்க நான் விடமாட்டேன்.”

“அப்படியென்றால் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?”

“தெரியாது. இதை மட்டும் செய்ய வேண்டாம்.”

இந்த இடத்தை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். எனக்கு உண்மையிலேயே தெரியாது. முகமூடி இல்லாமல் மயக்கினால் ஆபத்து. முதலில் அரை மயக்கத்துக்கு ஊசி போட்டால் வாந்தி உள்ளே போகும் ஆபத்து. நாள் தள்ளிப்போட்டால் குடல் போய்விடும். கையில் விடை இருந்தால்தான் நிறுத்தச் சொல்லலாம் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள் எங்களை. பிழை. நடப்பது தவறென்று தெரிந்தால் நிறுத்துங்கள். விடையைத் தேட அந்த அறையில் இன்னும் மூளைகள் இருக்கின்றன.

நான் மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தி அவரை அரைவாசி எழும்பி இருக்க வைத்தேன். அவர் முகத்துக்கு நேரே குனிந்தேன். “தம்பி, என்னைப் பாருங்கோ. இது சுவிஸ். நான் யாழ்ப்பாணம்.”

அவருடைய கண் என்னில் வந்து நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. “பை போடப்போறாங்களோ?” என்று கேட்டார்.

“இல்லை. நான் போட விடமாட்டன்.”

அதை எப்படிக் காப்பாற்றுவேன் என்று தெரியாமலே சொன்னேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தால், இளைய வைத்தியர் முகமூடியைக் குழாயிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், குழாயின் முனையை நீட்டினார். “முகமூடி வேண்டாம். இதை வாயில் வைத்து இழுக்கட்டும். அவரே பிடிக்கட்டும். மூக்கையும் அவரே பொத்தட்டும்” என்றார்.

வழி அவரிடம்தான் இருந்தது. கோபத்திலும் அவமானத்திலும் நின்றுகொண்டு அவர் அதை யோசித்தார் என்பதை நான் மறைக்கமாட்டேன்.

நான் நோயாளிக்கு விளக்கினேன். அவர் குழாயைப் பார்த்தார். “சுருட்டுப் பிடிக்கிறது மாதிரியோ அக்கா?”

“ஓம், அதே மாதிரித்தான். நல்லா இழுங்கோ.”

ஒரு கையால் மூக்கைப் பொத்தி மறுகையால் குழாயைப் பிடித்துக்கொண்டு அவர் இழுத்தார். இப்படி மயக்கும்போது வழக்கமாக ஒருவர் நோயாளியின் தொண்டையை வெளியிலிருந்து அமுக்கிப் பிடிப்பார். கண் மூடும்வரை தொண்டையில் கை வைக்க வேண்டாம் என்றேன். வைத்தியர் தலையாட்டினார். மருந்து போனது. அவருடைய கை தளர்ந்து குழாயை விட்டது. மற்றதெல்லாம் சரியாக நடந்தது. குடல் கறுத்துத்தான் இருந்தது. வெந்நீர்த் துணிக்குள் வைத்துக் காத்திருக்க நிறம் திரும்பியது. ஓரங்குலம்கூட வெட்ட வேண்டியிருக்கவில்லை.

அடுத்தநாள் அவரை வார்டில் போய்ப் பார்த்தேன். மனைவி பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். தன் புருஷனைக் காப்பாற்றிய டொக்டரம்மா என்று எழும்பிக் கும்பிட்டார். நான் டொக்டர் இல்லை, தாதி என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது.

“விடும்” என்று கணவர் மனைவியிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். “நீங்கள் டொக்டர் இல்லை எண்டு எனக்கு நேற்றே தெரியும் அக்கா. தடுப்பில எங்களுக்கும் ஒரு டொக்டர் வாறவர். பையைக் கழட்டின பிறகு வந்து நாடி பிடிச்சுப் பாப்பார். ‘இன்னும் தாங்குவான்’ எண்டு சொல்லிப்போட்டுப் போவார்.”

மனைவி தோடம்பழத்தை வைத்துவிட்டு யன்னல் பக்கம் போய் நின்றார். அவரும் இதைக் கேட்பது முதல் தடவை என்று எனக்கு விளங்கியது.

நான் அந்தத் தடுப்பு டொக்டரை நினைத்தேன். நான் படித்த அதே பாடப்புத்தகங்களைத்தான் அவனும் படித்திருப்பான். மணிக்கட்டில் எந்த இடத்தில் விரலை வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்த மாதிரியே அவனுக்கும் யாரோ அக்கறையாகச் சொல்லித்தந்திருப்பார்கள். ஒருநாள் அவன் செத்தால் அறிவித்தலில் வைத்திய கலாநிதி என்று போடுவார்கள். அதில் பொய் இருக்காது.

கிழமை தொடங்கியதும் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் முறைப்பாடு கொடுத்திருந்தார். வைத்தியரின் பணிப்பை மறுத்தது, அவசரச் சிகிச்சையைத் தாமதப்படுத்தியது, மற்றவர்களுக்கு விளங்காத மொழியில் கதைத்தது, பொறுப்பின் எல்லையை மீறியது. மயக்கமருந்துப் பிரிவின் தலைவர் மரியாதையான மனிதர். கோப்பி தந்தார். அதன்பிறகு, தனக்கு என் பின்னணி தெரியும் என்றார். “நீங்கள் முன்பு மருத்துவம் படித்தவர். அந்தப் பாதையில் இப்போது நீங்கள் இல்லை என்பதைச் சில நேரம் மறந்துவிடுகிறீர்களோ?”

பாருங்கள். எங்கள் ஆட்களுக்கு நான் டொக்டராக வராததால் குறைந்தவள். இவர்களுக்கு, தன்னை டொக்டர் என்று நினைத்து எல்லை மிஞ்சியவள். இரண்டு பக்கத்துக்கும் என் வேலை கண்ணுக்குத் தெரியவில்லை.

“நான் மறக்கவில்லை” என்றேன். “சித்தியடைந்துவிட்டு விரும்பி விட்டுவந்தவள் நான். சனிக்கிழமை நான் வைத்தியர் வேலை பார்க்கவில்லை, என் வேலையைத்தான் பார்த்தேன். நான் தலைமாட்டில் நிற்கும்போது, கெஞ்சுகிற மனிதனை யாரும் அமுக்கிப் பிடிக்க முடியாது. நாளைக்கும் அப்படித்தான்.”

தலைவர் இளைய வைத்தியரைப் பார்த்து, அவருடைய அபிப்பிராயம் என்ன என்று கேட்டார். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய நிலைமை பதற்றமாக இருந்தது என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. குழாயை வாயில் வைக்கும் யோசனை தன்னுடையது என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாராட்டியிருப்பார்கள். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு முன் இறுக்கிப் பிடிக்கச் சொன்னதும் தான்தான் என்று சொல்ல வேண்டும்.

தடுப்பில் வந்த டொக்டரின் கதையை நான் அந்த அறையில் சொல்லியிருந்தால், அங்கே இருந்த எல்லோரும் தலைகுனிந்திருப்பார்கள். சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவர் தந்த கதையில்லை அது. இப்போது எழுதுவது அவரிடம் கேட்டு, அவர் ஓம் என்ற பிறகுதான்.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்து வைக்க மறுத்தேன். ஓய்வு பெறும்வரை அது அப்படியே இருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் மேல் எனக்குக் கோபம் நீடிக்கவில்லை. அவருக்கு அந்தக் குடல்தான் தெரிந்தது, குடலை நன்றாகவே பார்த்தார். இளைய வைத்தியர்தான் எனக்கு ஆறவில்லை. சரியானதைச் செய்யத் தெரிந்தவர், அதைச் செய்தேன் என்று சொல்லவே பயந்தார். அவரோடு பிறகும் வருடக்கணக்காக ஒரே மேசையில் வேலை செய்தேன். மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பார், நான் கொடுப்பேன். வார விடுமுறையைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை.

அம்மா கதைப்பதில்லை என்று சொன்ன பிள்ளைக்குச் சொல்கிறேன். கோபத்தை அடக்கச் சொல்லி உனக்கு ஆயிரம் பேர் புத்தி சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை அம்மாவோடும் கலியாண வீட்டு ஆட்களோடும் வாதாடிச் செலவழித்துவிடாதே. வேலைக்குள் அது தேவைப்படும். அங்கே உன் படிப்பை விட அது சில நேரம் முந்தி எழும்பும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் ஒரு எரித்திரியப் பெண்ணை அவசரப் பிரசவச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பு விழுந்துகொண்டிருந்தது. அன்றைய அதே இளைய வைத்தியர்தான், நரை விழுந்துவிட்டது இப்போது. முகமூடி அருகே வந்ததும் அந்தப் பெண் அலறி முகத்தைத் திருப்பினாள். அவள் எந்த வழியாக, எந்தச் சிறையைத் தாண்டி இந்த நாட்டுக்கு வந்தாளோ, எனக்குத் தெரியாது. புதிதாகச் சேர்ந்த உதவியாளர் ஒருவர் அவளுடைய கைகளைப் பிடிக்கப் போனார். நான் வாயைத் திறந்தேன்.

“ஹென்ட் வெக்” என்றார் வைத்தியர். கையை எடு.

தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னார். அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் முகமூடியைக் கழற்றிவிட்டுக் குழாயை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். எப்படி இழுப்பது என்று தன் வாயில் கைவைத்துச் செய்து காட்டினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு இழுத்தாள். சற்று நேரத்தில் பிள்ளை அழுதது.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன், விஷயம் எங்கள் இரண்டு பேரோடு முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. கையை எடுக்கச் சொன்னார். அவர் மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணின் கண் மூடும்போது அவள் மேல் ஒருவருடைய கையும் இருக்கவில்லை.